ஆறு வருடமாகத் திருவிருந்துக்கு எழுந்து போக முடியவில்லை

நெல்லைக்காரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. அப்பா இறந்த பிறகு, வாரிசுச் சான்றிதழில் என் பெயரையே விட்டுவிட்டு, ஊர் வீட்டை அண்ணன் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். கேஸ் நடக்கிறது. வீடு போனது ஒரு பக்கம், எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன் இதைச் செய்தான் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவன் உட்கார்ந்திருப்பான். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் "நாங்கள் மன்னிக்கிறது போல" என்ற இடம் வந்ததும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும், அடுத்த வரிக்குத்தான் திறக்கும். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போகும்போது நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறேன். அம்மா படுக்கையில். "நான் கண்ண மூடுறதுக்குள்ள ரெண்டு பேரும் பேசிருங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மன்னித்தால் கேஸை வாபஸ் வாங்க வேண்டுமா? மனதில் வராததை வாயால் சொன்னால் அது பொய்தானே?

சாயர்புரம் தம்பி:
அக்கா, நான் உங்கள் அண்ணன் இடத்தில் இருந்தவன். குடிக்காக மதினியின் நகையை எடுத்து அடகு வைத்து மூழ்கடித்தேன். குடியை விட்ட பிறகும் இரண்டு வருடம் கோவிலுக்குள் நுழையக் கூச்சம், மணி அடித்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். அந்த வருட அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு, எங்கள் ஜெபக்குழுவில் ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். சோற்று வாளியோடு வந்தது மதினி. என் இலைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார்கள். பிறகு சோறு வைத்து, கறிக்குழம்பு கொண்டுவந்த பையனைக் கூப்பிட்டு "இங்க நல்லா ஊத்து" என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு. நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். நகைக்கு மாதம் இவ்வளவு என்று மூன்று வருடம் கொடுத்து முடித்தேன், அதை வேண்டாம் என்று மதினி சொல்லவில்லை, சொல்லாததும் எனக்கு நல்லதாகவே இருந்தது. வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்திருந்தால் அந்த ஒரு கரண்டி சோறு விழுந்திருக்காது அக்கா, இத்தனை பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் விழுந்தது.

கிருபா டீச்சர்:
தங்கச்சி, கேஸை வாபஸ் வாங்காதே. மன்னிப்பு வேறு, நியாயம் வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒரிசாவில் கணவரோடு தொழுநோயாளர் இல்லத்தில் ஊழியம் செய்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை நினைத்துப் பார். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவரையும், 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தேயுவையும் உயிரோடு எரித்தார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக வழக்கு நிற்கவில்லை. குற்றத்தின் விளைவையும் மன்னிப்பையும் ஒன்றோடொன்று குழப்பக் கூடாது என்பதுதான் அவர் நிலை. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நான் அதிகம் யோசிப்பது அதற்கு நடுவில் நடந்ததைப் பற்றித்தான். அவர் உடனே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடவில்லை, மகள் எஸ்தரோடு 2004 வரை பாரிபதாவில், அதே தொழுநோயாளர் இல்லத்து மக்கள் நடுவில் இருந்தார். அவர்களுக்குக் கட்டுப்போடவும் சாப்பாடு போடவும் ஆள் வேண்டியிருந்தது, அந்த வேலைக்குள்தான் அவர் காயமும் ஆறியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம், பொய்யா என்று கேட்டாயே. மருந்து கசக்கிறது என்பதற்காக அது மருந்து இல்லை என்று ஆகாது. உனக்கு வாய் வராத ஞாயிறு பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் சொல்கிறார்களே, "நாங்கள்" என்றுதானே அந்த ஜெபம் இருக்கிறது, "நான்" என்று இல்லையே. அவர்கள் உனக்கும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஆர்சி வீட்டுப் பிள்ளை:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லித்தான் ஒப்புரவாக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மத்தேயு 18இல் வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் நீயும் அவனும் தனியாக, அது நடக்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, சபை கடைசியில்தான். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு குடும்பமே கோவிலை விட்டுப் போய்விட்டது.

நெல்லைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. தம்பி, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். போன ஞாயிறு அவர்கள் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். திருவிருந்துக்கு நான் போகவில்லை, அவர்களும் என்னை இழுக்கவில்லை. ஆனால் ஜெபத்தில் அந்த வரியைச் சொன்னேன், சத்தம் வரவில்லை, உதடு அசைந்தது. டீச்சர் சொன்னபடி கேஸ் அப்படியே இருக்கும், 18ஆம் தேதி வாய்தா. வருகிற ஞாயிறு மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு நான் கொண்டுபோகிறேன். அந்த நேரத்தில்தான் அண்ணன் வழக்கமாக வருவான்.