ஜப்பான் தோட்டங்களில் உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம் எது?

ஒசாகாவாசி
நவம்பர் 1, கனசவா நகரம். அங்கிருக்கும் கென்ரோகுஎன் என்ற பெரிய தோட்டத்தில்தான் அந்த நிமிடம். குளத்தங்கரைக் கராசாகி பைன் மரத்துக்குக் கயிறு கட்டத் தொடங்கும் நாள் அது. மரத்தை ஒட்டி நட்ட உயரமான கம்பத்தின் உச்சியில் நின்றவர் ஒரு குரல் கொடுத்துவிட்டு வைக்கோற்பிரியை வீசினார். அது காற்றில் அவிழ்ந்துகொண்டே இறங்கியது. கீழே ஒரு பெரியவர் பிடித்தார், ஆனால் உடனே கட்டவில்லை. கிளையை உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் தூக்கினார், கனம் பார்த்தார், மெல்ல இறக்கினார். அப்புறம்தான் முடிச்சு. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மூன்று வருஷமாகியும் அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது. வெறும் அழகுக்காக இத்தனை சிரத்தை!

மழைக்காதலி
அழகுக்காக இல்லைங்க. ஜப்பான் கடல் பக்கத்துப் பனி ஈரப்பனி. கிளையில் அப்பிக்கொண்டால் முறித்துவிடும். அந்த ஒரு மரத்துக்கே சுமார் 800 கயிறு கட்டுகிறார்கள். அந்த ஊரை ஆண்ட மாயேதா வம்சத்தின் 13ஆம் பிரபு பிவா ஏரிக்கரையிலிருந்து விதை வரவழைத்து வளர்த்த மரம் அது. முறியவிட யாருக்கு மனசு வரும்?

என் கதை கியோத்தோவில், ரியோஅன்ஜி என்ற ஜென் கோயிலின் கல் தோட்டத்தில். அம்மாவோடு போனேன். திண்ணையில் உட்கார்ந்ததும், "மொத்தம் 15 கல்லும்மா, எங்க உட்கார்ந்தாலும் ஒண்ணாவது மறைஞ்சிடும்" என்று படித்ததை ஒப்பித்துவிட்டேன். அம்மா அதற்குள் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்திருந்தாள். "அப்படியா, சரி" என்று மடக்கிய விரல்களைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் பேசாமல் இருந்திருந்தால் நகர்ந்து நகர்ந்து அவளே கண்டுபிடித்திருப்பாள்.

பாசிப்பச்சை
மழைக்காதலி, அம்மாவிடம் முன்கூட்டியே சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கியோத்தோவில் ஒரு பாசித் தோட்டம். நடைக்கல் மேல் கறுப்புக் கயிறு சுற்றிய உருண்டைக் கல், பொட்டலம் மாதிரி. "இதற்குமேல் வராதே" என்று அர்த்தமாம். தெரியாமல் தாண்டினேன், ஒரு கால் பாசியில் பதிந்துவிட்டது. குந்தியிருந்து களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தலைகுனிந்து வணங்கினார், அந்தக் கல்லை இரு கையாலும் எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். பிறகு என் காலடித் தடத்தருகே உட்கார்ந்து, நசுங்கிய பாசியை விரல் நுனியால் நிமிர்த்த ஆரம்பித்தார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

பழைய பயணி
இதெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்றுதான் நான் எப்போதும் சொல்வது. ரியோஅன்ஜிக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். பள்ளிக்கூடக் கூட்டம் வந்துவிட்டால் திண்ணையில் இடம் கிடைக்காது. செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும், குளிர்காலத்தில் பலகை சில்லென்று இருக்கும், தடிமனான காலுறை போட்டுக்கொள்ளுங்கள். கென்ரோகுஎன்னில் விடியற்காலையில் கட்டணமில்லாமல் விடுகிறார்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், கட்டண நேரம் தொடங்குமுன் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டு கால் கல்விளக்கின் முன்னால் படமெடுக்க வரிசை நிற்கும், அதை முதலில் முடித்துவிடுங்கள். நவம்பரில் கட்டிய கயிறு மார்ச் வரை இருக்கும், ஆகவே பிப்ரவரியில் போனால் பனியோடு பார்க்கலாம். அடிப்பாகம் வழுக்காத காலணி அவசியம்.

என் அனுபவம் என்றால், கென்ரோகுஎன்னில் இருக்கும் நீரூற்றுதான். சத்தமே இல்லையே, மோட்டாரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற தாத்தாவிடம் சைகையில் கேட்டேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, மேட்டில் இருக்கும் பெரிய குளத்தைக் காட்டினார். அங்கிருந்து கையைச் சரிவோடு இறக்கிக் கொண்டுவந்து, ஊற்றுக்கு நேராக மேலே தூக்கினார்.