நாட்டுக்கோழி விடைகள் (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகள்) எத்தனை மாதத்தில் முட்டையிடத் தொடங்கும்?

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். கொல்லையில் சிறுவிடை என்னும் சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழி வகையில் ஐந்து பெட்டைகளையும் ஒரு சேவலையும் வளர்த்து வருகிறோம். அவை தை மாதக் கடைசியில் பொரித்த குஞ்சுகள். இப்போது ஆடி பிறந்துவிட்டது. இன்னும் ஒன்றுகூட முட்டையிடவில்லை. அதே சமயத்தில் பக்கத்து வீட்டார் வாங்கிய வெள்ளை லெகான் குஞ்சுகளோ வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிட்டன. பகலில் மேய விட்டு, மாலையில் குருணையும் கம்பும் போட்டுப் பஞ்சாரத்தில் அடைக்கிறோம். முட்டைக்கோழித் தீவனம் போட்டால் உடனே முட்டை வைக்கும் என்று தீவனக் கடையில் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேலியோரம்

லெகானை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம் என்பதால் 18 முதல் 20 வாரத்திலேயே தொடங்கிவிடும். நாட்டுக்கோழிகள் பெரும்பாலும் ஆறாம், ஏழாம் மாதத்தில்தான் முதல் முட்டையிடும். பெரிய உடம்புள்ள பெருவிடைக்கு இன்னும் தாமதமாகலாம். ஆகவே உங்கள் கோழிகளிடம் குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாதக் கணக்கைவிடக் கோழியின் உடம்பே சரியாகச் சொல்லும். வெளிறிச் சிறுத்திருந்த கொண்டையும் தாடியும் இரத்தச் சிவப்பாகிப் பளபளக்கும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையைச் சற்று விரித்துக் குந்தும். இரவில் பஞ்சாரத்திலிருந்து மெதுவாக எடுத்து, எச்சத் துவாரத்தின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளைத் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழையுமென்றால் இன்னும் நாளாகும். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டை நெருங்கிவிட்டது என்று பொருள்.

முட்டைக்கோழித் தீவனத்தை இப்போதே போடுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 3.5 சதவீதம் சேர்க்கப்படுகிறது. வளரும் கோழிக்கு 1 சதவீதமே போதும். முட்டையிடாத விடைக்கு அந்த மிகுதியைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெடும். கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள்; தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும். உண்மையில் உங்கள் தீவனத்தில் குறைவது புரதம். குருணையும் கம்பும் வயிற்றை நிரப்புமே தவிர முட்டைக்குப் போதாது. கரையானோ கருவாட்டுத் தூளோ கடலைப் பிண்ணாக்கோ சேர்த்துக் கொடுங்கள். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பதில்: மேய்ச்சல்நிலம்

மேலே சொன்னவற்றோடு முழுக்க உடன்படுகிறேன். மண்ணைக் கிளறி மேயும் கோழிகளுக்குக் குடற்புழு சேருவது இயல்பு. கால்நடை மருந்தகத்தில் கேட்டு, முட்டை தொடங்குமுன்பே புழு நீக்க மருந்து கொடுத்துவிடுவது நல்லது. கூண்டில் விளக்குப் போடச் சொல்பவர்களும் உண்டு. குளிர்நாடுகளில் மாரிக்காலப் பகல் மிகவும் சுருங்குவதால் அங்கே அது அவசியமாகிறது. நம் ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே இரண்டு மணி நேர வித்தியாசம்கூட இல்லை என்பதால், கொல்லையில் வளர்க்கும் ஐந்தாறு கோழிகளுக்கு விளக்குத் தேவையில்லை.

கேட்டவர்: காவிரிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு தடவிப் பார்த்தேன். நான்கு கோழிகளுக்கு ஒரு விரல்தான். கருப்பு விடைக்கு மட்டும் இரண்டு விரல் நுழைகிறது. கொண்டையும் சிவந்திருக்கிறது. காலையிலிருந்து அது கேறிக்கொண்டே மாட்டுக் கொட்டகைக்கும் வைக்கோற்போருக்கும் அலைகிறது.

பதில்: வேலியோரம்

அது இடம் தேடுகிறது, அம்மா. இருட்டான மூலையில் ஒரு பழைய கூடையில் வைக்கோலைப் பரப்பி இன்றே வையுங்கள். தாமதித்தால் போருக்கடியில் இட்டுவிடும், கீரிக்குத்தான் போகும். முதல் முட்டைகள் சிறிதாகவோ, ஓடு கெட்டியாகாமல் தோல் முட்டையாகவோ இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டொரு வாரத்தில் சீராகும். அந்தச் சிறு முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அடைக்கு வைக்காதீர்கள். அவற்றில் பொரிப்பும் குறைவு, பொரிக்கும் குஞ்சும் நோஞ்சானாக இருக்கும். பத்துப் பதினைந்து முட்டைக்குப் பிறகு கோழி தானாகவே அடைக்கு உட்காரும். அதற்குள் முட்டையின் அளவும் தேறிவிடும்.