புதுப்பிப்பு: திறமூல பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கப் பணம், ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கைகொடுத்தது

காரைக்குடிக் கடைகளுக்காக எழுதி, நிரலை யாரும் எடுத்துக்கொள்ளப் பொதுவில் வைத்திருக்கும் தமிழ் பில்லிங் மென்பொருளைக் காசில்லாமல் எத்தனை காலம் பராமரிப்பது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கிட்ஹப் ஸ்பான்சர்ஸ், அதாவது நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்திலேயே நன்கொடை வாங்கும் வசதி. தனிநபர் தரும் பணத்தில் அவர்கள் கமிஷன் எடுப்பதில்லை, சரி. ஆனால் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரருக்கு கிட்ஹப்பில் என்ன வேலை? டீச்செலவுக்குத்தான் வந்தது. அப்புறம் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா திறமூலத் திட்டங்களுக்கு உதவ 2024இல் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட். குறைந்தபட்ச உதவியே 10,000 டாலர், பரவலாகப் பயன்படும் திட்டங்களுக்கு. நான் விண்ணப்பிக்கவில்லை.

பலித்தது, "கடைகளோடு ஏஎம்சி போடுங்கண்ணே" என்ற யோசனைதான். மென்பொருளை வெளியிட்டிருக்கும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் சேவைக்குக் காசு வாங்கத் தடையில்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்பதால் ஜிஎஸ்டி பதிவும் தேவைப்படவில்லை. நன்கொடை கேட்டபோது நழுவிய பலகாரக் கடை ஆச்சி, ஏஎம்சி பில்லைப் பார்த்ததும் "இதை முன்னாடியே கொடுத்திருக்கலாமே தம்பி" என்றார். கணக்கில் செலவு எழுத ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்பாராதது: காசு கொடுத்தவர்கள் புது வசதியாகக் கேட்கிறார்கள், பழைய பிழைகள் அப்படியே கிடக்கின்றன. அதனால் புது வசதிக்குத் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டேன். அந்த நிரலும் பொதுவில்தான் வெளியாகும்.