புதுப்பிப்பு: ஊசி மருந்துச் சோதனைக்கு ஏன் பன்றி?

நரம்பில் ஏற்றும் மருந்து தரும் ஒவ்வாமை போன்ற எதிர்வினையை எலியை விட்டுப் பன்றியில் ஏன் சோதிக்கிறார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். படித்துப் பார்த்ததில் பதில் கிடைத்தது.

லைப்போசோம் எனும் நுண்ணிய கொழுப்புக் குமிழில் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து, வழக்கமான ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்பொருள் இல்லாமலே, முதல் டோஸிலேயே காம்ப்ளிமென்ட் புரதங்களை (ரத்தத்திலுள்ள நோயெதிர்ப்புப் புரதங்கள்) தூண்டக்கூடியது. பன்றியின் நுரையீரல் ரத்தக்குழாய்ச் சுவரில் மேக்ரோஃபேஜ் செல்கள் (அந்நியத் துகள்களை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) ஒட்டியிருக்கின்றன. அவை லைப்போசோம் துகளைப் பிடித்ததும், ரத்தக்குழாயைச் சுருக்கும் த்ராம்பாக்ஸேன் வெளியேறி, சில நிமிடங்களில் நுரையீரல் தமனி அழுத்தம் எகிறிவிடும். எலிக்கு இதுபோல் எதிர்வினை வரப் பல மடங்கு டோஸ் வேண்டும்.

சரி, மனிதருக்கு? நமக்கு அந்த இடத்தில் அந்தச் செல்கள் இயல்பாகக் கிடையாது. ஆகவே சட்டென எதிர்வினை காட்டும் சில நோயாளிகளுக்குத்தான் பன்றி பொருத்தமான மாதிரி என்பது என் கணிப்பு.

அப்புறம், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குச் சுண்டெலியே போதும் போல. அது மாஸ்ட் செல்லில் (ஒவ்வாமை வேதிப்பொருள்களை வெளியிடும் செல்) ஐஜிஇ ஒட்டும் ஏற்பியை விட்டு வேறொரு ஏற்பியைத் தூண்டுகிறது. சுண்டெலியில் அதற்கு இணையானதை 2015இல் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.