ஏற்காடு மலைக்கு பிக்கப்: 215 போதுமா, 235 போடலாமா?

நாகலூர்க்காரன்:

வணக்கம். ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் நாகலூர் வழியில எங்களுக்கு நாலரை ஏக்கர் காப்பித் தோட்டம். சில்வர் ஓக்குல மிளகு ஏத்தி விட்டிருக்கோம். வண்டி பொலேரோ பிக்கப், டூ வீல் டிரைவ் (பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும்), டயர் 215/75 ஆர் 15. முதல் எண் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ஓடினது 71,000. முன்னாடி ரெண்டும் இன்னும் ஒரு வருஷம் வரும். பின்னாடி ரெண்டும் தரையைப் பிடிக்கிற ரப்பர் பட்டன் தேஞ்சு மொட்டையாகப் போகுது.

போன கார்த்திகையில செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகிட்ட மூட்டையை இறக்கிட்டு காலி வண்டியா மேல வந்தேன். இருபது கொண்டை ஊசியையும் ஒழுங்கா ஏறி வந்த வண்டி, தார் ரோட்டை விட்டு எங்க தோட்டத்து மண் பாதையில திரும்பினதும் படுத்துக்கிச்சு. மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர்தான் அந்தப் பாதை. நடுவுல ஒரு பலா மரம், அதுக்கிட்ட ஒரு மேடு. அங்க பின்பக்கம் அப்படியே இடுப்பை ஆட்டிட்டு பள்ளத்துப் பக்கம் இறங்கிடுச்சு. காப்பிச் செடியில முட்டி நின்னோம். பக்கத்துல எங்கப்பா. ரெண்டு நாள் என்கூடப் பேசல. நாங்க தப்பிச்சது அவருக்குப் பெரிசில்ல, காய் புடிச்ச செடி ரெண்டு முறிஞ்சதுதான் கோபம்.

இப்போ டயர் மாத்தணும். சேலத்துல ஒரு கடையில கேட்டேன். "235/75 ஆர் 15 போடுங்க, அகலம் கூடினா பிடிப்பு கூடும், வண்டியும் நல்லா உக்காந்த மாதிரி தெரியும்"னார். நாலு டயர், டிஸ்க்கோட (டயர் மாட்டற இரும்புச் சக்கரம்) 38,000 ரூபாய். அப்பா சொல்றது வேற: "ஜீப் காலத்துல 6.00-16னு ஒடிசலான டயர். அதுலதான் இந்த மலை பூரா மூட்டை இறங்குச்சு." ரெண்டு பேருல யாரை நம்பறது?

ஓமலூர் வீ-கிராஸ்:

கண்ணை மூடிட்டு அகலம் போடுங்க ப்ரோ. என் வண்டி இசுசு வீ-கிராஸ் பிக்கப், டயர் 245/70 ஆர் 16. மேட்டூர்ப் பக்கம் ஆத்து மணல்ல காத்தை 20 பவுண்டுக்கு இறக்கிட்டுப் போனா படகு மாதிரி மிதக்கும். பக்கத்துல ஒல்லி டயர் போட்ட வண்டி எல்லாம் அச்சு வரைக்கும் புதைஞ்சு நின்னுச்சு. வண்டி லுக்கும் தனி.

கொண்டலாம்பட்டி டயர்:

தம்பி, உங்க வண்டி ஃபோர் வீல் டிரைவ், முதுகுல மூட்டை கிடையாது, போறது மணல். இவருது அப்படியா?

நாகலூர் சார், நானும் டயர் விக்கிறவன்தான், அதனால தொழில் ரகசியத்தைச் சொல்லிடறேன். அகல டயரும் டிஸ்க்கும் சேர்த்து வித்தா எங்களுக்கு லாபம் ஜாஸ்தி. நாலு மாத்த வேண்டிய இடத்துல ரெண்டு வித்தா என்ன கிடைக்கும்? ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. அன்னைக்குச் சறுக்கினப்ப பின்னாடி எத்தனை பவுண்டு காத்து இருந்துச்சு?

நாகலூர்க்காரன்:

60. எப்பவும் 60தான் சார். லோடு ஏத்தற வண்டியாச்சே. ஒரு தடவை பிடிச்சா இறங்கினாத்தான் மறுபடி பிடிப்பேன்.

கொண்டலாம்பட்டி டயர்:

இதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஒரு கணக்கு பாருங்க. காலி வண்டியில பின்சக்கரம் ஒண்ணு மேல 350 கிலோன்னு வச்சுக்குவோம். 60 பவுண்டுன்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4.2 கிலோ. 350ஐ 4.2ஆல வகுத்தா 83. அதாவது உங்க வண்டியோட ஒரு பின்சக்கரம் தரையைத் தொடறதே சுமார் 83 சதுர சென்டிமீட்டர், உங்க உள்ளங்கை அளவு. அதையே 35 பவுண்டுக்கு இறக்குங்க, 142 ஆயிடும். டயரோட விறைப்பு கொஞ்சம் எடையைத் தாங்கும், அதனால கணக்கு அச்சா வராது. ஆனா போக்கு இதுதான்.

இப்போ அதே 60 பவுண்டுல 235 போட்டா? எடையும் அதே, காத்தும் அதே, அப்ப தொடற இடமும் கிட்டத்தட்ட அதேதான். வடிவம் மட்டும் மாறும். ஒல்லி டயர்ல நீளவாக்குல இருக்கிறது, அகல டயர்ல குறுக்குவாக்குல வரும். 38,000 கொடுத்து உள்ளங்கையைத் திருப்பி வச்ச கதை. சேத்துல முன்னால தள்ளறதுக்கு நீளவாக்குதான் தோது, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அதிகப் பட்டன் மண்ணைப் பிடிக்கும்.

இன்னொண்ணு. அந்தக் கடைக்காரர் காட்டினது கார் டயரா, லோடு டயரான்னு பார்த்தீங்களா? அளவுக்குப் பக்கத்துல ஒரு எண் இருக்கும். 105ன்னு இருந்தா ஒரு டயர் தாங்கறது 925 கிலோ. 100ன்னா 800 கிலோதான். பழைய டயர்ல இருக்கிற எண்ணுக்குக் கீழ போகவே போகாதீங்க. பார்க்க குண்டா இருக்கும், மூட்டையோட பதினெட்டாவது வளைவுல சைடு உப்பி வெடிக்கும். பழைய டிஸ்க்குலயே 235 ஏத்தலாம்னு யாராவது சொன்னா, டிஸ்க் அகலம் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அதையும் அளந்துக்குங்க.

பழைய மலை டிரைவர்:

நான் அஸ்தம்பட்டிக்காரன். மலையில லாரி, வேன், ஜீப்புன்னு முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டினவன். இப்போ பேரன் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து போறதோட சரி.

மேல இருக்கிற மண்ணைப் பத்தி யாரும் பேசல. சேர்வராயன் மலையில செம்மண்ணு மேலாப்புல சோப்பு மாதிரி குழைஞ்சுடும். ஆனா தோட்டப் பாதையில அரை அடிக்குக் கீழ கெட்டித் தரை, கல்லு. ஒல்லி டயர் அந்தக் குழைவை வெட்டிட்டுக் கீழ போய்க் கல்லைப் பிடிக்கும். அகல டயர் குழைவு மேலயே மிதக்கும். ஓமலூர்த் தம்பி சொன்ன அதே மிதப்புதான். மணல்ல அது வரம், ஏன்னா அடியில பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இங்க அதுவே சாபம். அடி தெரியாத உளையா இருந்தா நானே அகலம்தான் போடச் சொல்லுவேன். நாகலூர்ப் பாதையில அப்படி உளை நான் பார்த்ததில்ல.

கொண்டை ஊசியில ஸ்டீரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிப்போம். அகல டயரும் வெளிய தள்ளின டிஸ்க்கும் போட்டா, மூட்டையோட வண்டி அமுங்கினப்ப மட்கார்டுல உரசும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜீப்ல ஒரே சீசன்ல டயர் ஓரத்தைச் சீவி எடுத்துடுச்சு. 235 உயரமும் கூட, 3 சென்டிமீட்டர் ஏறும். அப்ப ஃபர்ஸ்ட் கியர் இழுவை நாலு சதவீதம் குறையும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல போயிட்டிருக்கும். எஃப்.சி.க்கு, அதான் தகுதிச் சான்றுக்கு, போற வண்டி வேற. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்தை மாத்தக் கூடாதுங்குது. நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பார்க்கிறது டயரைத்தான்.

2024 டிசம்பர்ல புயல் மழைக்கு மலைப்பாதையில மண் சரிஞ்சு, எல்லாரும் குப்பனூர் வழியா சுத்தினாங்களே, அந்த ரோட்டுல எதிர்ல பஸ் வந்தா ஓரம் கட்டற இடத்துல ஒவ்வொரு அங்குலமும் கணக்கு. அகலம் அங்கயும் உதவல.

காலியா வரும்போது பின்அச்சுக்கு நேர் மேல மூணு உரமூட்டை போட்டுக்குங்க. தொட்டியோட வால்ல போடாதீங்க, முன்சக்கரம் லேசாயிடும். உங்கப்பா பேச்சு சரிதான், ஆனா ஜீப்புக்கு முன்சக்கரமும் இழுத்துச்சுன்னு அவருக்கு ஞாபகப்படுத்துங்க.

ஓமலூர் வீ-கிராஸ்:

தாத்தா சொன்னா சரிதான். ஆனா லுக் இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

நாகலூர்க்காரன்:

ஒரு மாசம் கழிச்சு வர்றேன். பின்னாடிக்கு மட்டும் ரெண்டு, அதே 215/75, லோடு டயர், பட்டன் ஆழமான ரகம். கடைக்காரர் முதல்ல எடுத்துக் கொடுத்ததுல டயர் சைடுல இருக்கிற தயாரிப்புக் குறியீட்டோட கடைசி நாலு எண்ணைப் பார்த்தேன், 1821ன்னு இருந்துச்சு. 2021ல 18வது வாரம் செஞ்சது. வேண்டாம்னு வேற எடுக்கச் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிப் போச்சு.

பேட்டரியில ஓடற சின்ன கம்ப்ரசர் ஒண்ணு வாங்கினேன். இப்போ வழக்கம் இதுதான்: தோட்டத்துல மூட்டை ஏத்தறதுக்கு முன்னாடி 60, செவ்வாய்ப்பேட்டையில இறக்கினதும் 35. 35லேர்ந்து 60க்கு ஏத்த அந்தக் கம்ப்ரசருக்கு ரெண்டு சக்கரத்துக்குமா ஒரு டீ குடிக்கிற நேரத்தை விடவே கூட ஆகுது, சத்தத்துக்கு நாய் குலைக்குது. மறந்துட்டு 35லயே மூட்டை ஏத்திடுவேனோங்கற பயத்துல ஸ்டீரிங்குல ஒரு சிவப்புத் துணி கட்டி வச்சிருக்கேன். காத்து பிடிச்சாத்தான் அவிழ்ப்பேன்.

போன வாரம் கோடை மழை. காலி வண்டி, அச்சு மேல மூணு மூட்டை, பலா மர மேடு. செகண்ட் கியர்ல ஒரே மூச்சுல ஏறிடுச்சு. லேசா ஒரு தடவை ஆடுச்சு, அவ்வளவுதான். அப்பா ஒண்ணும் சொல்லல, இறங்கி டயர் தடத்தை மட்டும் குனிஞ்சு பார்த்துட்டுப் போனார். ஐப்பசி மழை வந்தாத்தான் நெசம் தெரியும்.

கழட்டின ரெண்டுல ஒண்ணு பார்க்க சுமாரா இருக்கு. ஸ்டெப்னிக்கு வச்சுக்கலாமா?

கொண்டலாம்பட்டி டயர்:

பட்டனுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துக் கோட்டுல பாலம் மாதிரி சின்ன மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். அதுக்குச் சமமா தேஞ்சிருந்தா வேண்டாம். மிளகு காய வைக்கிற கொட்டாய்க்குத் தகரக் கூரைதானே? அது மேல தூக்கிப் போடுங்க, காத்துக்குப் பறக்காது.