போர்ட் ஒயின் வெயிலில் கெட்டுவிட்டதா?

ராயபுரத்தில் இருக்கிறோம். கப்பலில் வேலை செய்யும் அண்ணன் போர்ச்சுகலில் வாங்கி வந்த போர்ட் ஒயின், அதாவது திராட்சை ஸ்பிரிட் சேர்த்த இனிப்பு ஒயின். லேட் பாட்டில்டு விண்டேஜ் வகை (ஒரே வருட அறுவடையில் செய்து, சில வருடம் பீப்பாயில் வைத்து பாட்டிலில் அடைத்தது), 2017 அறுவடை, வடிகட்டாதது, 20% ஆல்கஹால். வீட்டில் யாரும் இதுவரை போர்ட் குடித்ததில்லை. மார்ச்சிலிருந்து பீரோ மேல் கிடந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை வெயில் முழுவதும் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை திறந்தபோது கார்க் பொடிந்து உள்ளே விழுந்தது. மல் துணியில் வடிகட்டினேன். அடியில் காபித்தூள் மாதிரி மண்டி. வடிகட்டாத போர்ட்டில் அது இயல்புதான், அதற்குப் பயப்படவில்லை. வாடைதான் உறுத்துகிறது. உலர்திராட்சையைக் கொதிக்கவைத்த மாதிரி, கடைசியில் லேசான புளிப்பு. ஃபிரிட்ஜில் வைத்தேன், அப்புறம் அரை மணி வெளியே வைத்தும் பார்த்தேன், மாறவில்லை. சனிக்கிழமை அப்பாவுக்கு அறுபது வயது. முதல் கிளாஸ் அவருக்கு என்று வைத்திருந்தது.

இந்த வாடை போர்ட்டின் இயல்பா, வெயிலில் கெட்டதா?