தாமரைக் கோபுரத்துக்கு மாணவரை எந்த நேரத்தில் அழைத்துச் செல்லலாம்?

முல்லைத்தீவு ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலையின் பத்தாம், பதினோராம் தர மாணவரை மார்கழி விடுமுறையில் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லவிருக்கிறோம். பிள்ளைகள் ஒருமித்துக் கேட்டிருப்பது தாமரைக் கோபுரத்தை. வயலும் குளமும் கடலுமாகச் சமதரையில் வளர்ந்த இவர்களுள் பலர் மின்தூக்கியில்கூட ஏறியதில்லை. இரவுப் பேருந்தில் விடியுமுன் போய்ச் சேர்ந்து, மறுநாள் இரவே திரும்ப வேண்டும். கோபுரத்தில் காலையில் ஏறுவது நல்லதா, மாலையிலா? உயரத்துக்கு அஞ்சும் பிள்ளைகளை என்ன செய்யலாம்?

வவுனியாவிலிருந்து:
மாலைதான், ரீச்சர். மார்கழியில் ஆறு மணிக்குச் சற்று முன்னரே சூரியன் மறைந்துவிடும். ஆகவே ஐந்து மணிக்குள் மேலே நின்றால், பேரை வாவியையும் துறைமுகத்தையும் கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரத்தையும் பகல் வெளிச்சத்தில் காட்டிவிட்டு, கடலில் சூரியன் இறங்குவதையும் அதன்பின் புறக்கோட்டையில் விளக்குகள் ஏறுவதையும் ஒரே முறையில் பார்த்துவிடலாம். காலை நேரத்தைக் காலிமுகத்திடலுக்கும் அருங்காட்சியகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கி ஒரு நிமிடத்துக்குள் மேலே கொண்டுபோய்விடும். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். அஞ்சும் பிள்ளைகளை நேரே விளிம்புக்கு அழைக்க வேண்டாம். உட்சுவரோடு நின்று முதலில் தொலைவிலுள்ள கடலைப் பார்க்கட்டும். கீழே பார்ப்பது தானாக வரும், வராவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள்.

கிளிநொச்சி கணித ஆசிரியர்:
தெளிந்த காலையில் கிழக்கே சிவனொளிபாதமலை தெரியக்கூடும் என்பதால் நான் காலையைச் சொல்லியிருப்பேன். ஆனால் வெயில் ஏற ஏறப் புகார் மூடிவிடும், திறக்கும் நேரமும் அதற்கு ஒத்துவர வேண்டும். இரவுப் பயணத்தால் களைத்த பிள்ளைகளை நிச்சயமில்லாத காட்சிக்காக அவசரப்படுத்துவது சரியன்று.

இன்னொன்றை மிகவும் விரும்பிக் கேட்டுக்கொள்கிறேன். கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 350 மீற்றர், பார்வைத் தளம் ஏறக்குறைய 240 மீற்றரில் உள்ளது. அங்கிருந்து அடிவானம் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதைப் புறப்படுமுன் வகுப்பிலேயே கணிக்கச் செய்யுங்கள். பார்வைக் கோடு பூமிக்கு ஒரு தொடலி. தொடலி ஆரைக்குச் செங்குத்து. எஞ்சியதைப் பைதகரஸ் தேற்றம் பார்த்துக்கொள்ளும். பூமியின் ஆரையை 6,371 கிலோமீற்றராக எடுத்தால் விடை ஏறக்குறைய 55 கிலோமீற்றர், அதாவது முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வரையான வீதியின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். தாம் கணித்த தொலைவைத் தம் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. தொலைக்காட்சி, வானொலி ஒலிபரப்புக்கு ஏன் இத்தகைய உயரம் வேண்டும் என்பதும் அந்த ஒரு படத்திலேயே விளங்கிவிடும்.

முல்லைத்தீவு ஆசிரியை:
இருவருக்கும் உளமார்ந்த நன்றி. மாலையையே தெரிவு செய்கிறோம். அடிவானக் கணக்கை அடுத்த வாரமே கரும்பலகையில் தொடங்குகிறேன். நுழைவுச்சீட்டை அங்கேயே எடுக்கலாமா?

வவுனியாவிலிருந்து:
எடுக்கலாம். ஆனால் 2022 புரட்டாதியில் பொதுமக்களுக்குத் திறந்தபோது இருந்த கட்டணம் பின்னர் மாறியுள்ளது. விடுமுறைக் காலத்தில் வரிசையும் நீளும். ஆகையால் அதிபரின் கடிதத்தோடு முன்கூட்டியே தொடர்புகொண்டு, பாடசாலைக் குழுவுக்குச் சலுகை உண்டா என்பதையும் அன்றைய திறப்பு நேரத்தையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.